சுங்கம் வாங்கிய கரையும் வாங்காத கரையும்

பள்ளிவாசல் திண்ணையிலோ திருமண வீட்டிலோ நம் பெரியவர்கள் பழைய பினாங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கடைசியில் ஒரு பெருமூச்சோடுதான் முடிப்பார்கள். “அப்போதெல்லாம் இது தீர்வையில்லாத துறைமுகம். கப்பலில் இறங்குகிற துணிக்கு ஒரு காசு கட்ட வேண்டாம்.” அந்தப் பெருமூச்சில் நியாயம் உண்டு. 1969ஆம் ஆண்டு பினாங்கு அந்த உரிமையை இழந்தது. அடுத்த சில ஆண்டுகளில்தான் நம் சங்கம் பிறந்தது. சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களில் பலர் அந்த மாற்றத்தைத் தங்கள் கடை வாசலிலேயே நின்று பார்த்தவர்கள்.

பொன்விழா மலருக்காக வரலாற்றுப் பகுதியை எழுத அமர்ந்தபோது, அந்தப் பெருமூச்சே எங்களுக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தது. ஓர் அரசாங்கம் சுங்கம் வாங்கவில்லை என்றால் அதன் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? காவலர் சம்பளம், சாலை, துறைமுக மேடை எல்லாவற்றுக்கும் யாரோ கொடுத்துத்தானே இருக்க வேண்டும்?

பினாங்கை மட்டும் பார்த்தால் விடை பாதிதான் கிடைக்கிறது. கடற்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கெடாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று சுங்கத்தை நம்பி வாழ்ந்த சின்ன நாடு. மற்றொன்று சுங்கம் வேண்டாம் என்று சொல்லி வளர்ந்த சின்னத் தீவு. நம் முன்னோர் இரண்டு கரைகளிலும் இருந்தார்கள்.

கடாரமும் சுங்கமும்

சுங்கம் தமிழருக்குப் புதிய சொல் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் வந்து குவிந்த பொதிகளுக்கு அரசு ஆட்கள் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பட்டம் இருந்தது. சுங்கத்தை நீக்கியதற்காக ஓர் அரசனுக்குப் பட்டம் கிடைத்தது என்றால், வணிகரின் தோளில் அது எவ்வளவு கனத்திருக்க வேண்டும்! அவனுடைய முன்னோனான ராஜேந்திரனுக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்று பெயர். அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா.

இஸ்லாமிய வரலாற்றிலும் வணிகத் தீர்வைக்கு இடம் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் வணிகச் சரக்குக்கு முஸ்லிம்களிடம் நூற்றுக்கு இரண்டரை, ஆட்சிக்குள் வாழ்ந்த பிற சமயத்தாரிடம் ஐந்து, வெளிநாட்டு வணிகரிடம் பத்து என்று விகிதம் வகுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் யாரிடம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்தது. வணிகர் அஞ்சியதெல்லாம் அளவில்லாமல், ஆளுக்கு ஆள் மாறிப் பறிக்கப்படும் வரியைத்தான்.

மலாய்த் துறைமுகங்களும் தங்களுக்கென்று ஒழுங்கு வைத்திருந்தன. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்தியருக்குத் தனியாக ஒருவர். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒருவர். ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர். சீனத்துக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு 6 தீர்வை. சீனா, ஜாவா போன்ற கிழக்குத் திசைக் கப்பல்களுக்குத் தீர்வை இல்லை. அரசருக்கும் அதிகாரிகளுக்கும் காணிக்கை மட்டும் கொடுத்தால் போதும். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த சில ஆண்டுகளில் அங்கு இருந்த தோமே பிரஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் கரையிலிருந்து போன துணி நூற்றுக்கு ஆறு கட்டியது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1511ல் மலாக்கா வீழ்ந்த பிறகு முஸ்லிம் வணிகர் பலர் ஆச்சே, கெடா போன்ற துறைகளை நாடினார்கள். கெடாவில் அரிசி இருந்தது, ஈயம் இருந்தது, யானை இருந்தது. நம் ஊர்களிடம் துணி இருந்தது. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் துறைகளிலிருந்து பருவக்காற்றோடு போன மரக்காயர் கப்பல்கள் துணியை இறக்கிவிட்டு ஈயமும் யானையும் ஏற்றி வந்தன.

சுல்தானின் வணிகர்

அந்தக் காலத்துக் கெடா சுல்தானின் பெட்டியில் பணம் விழுந்த வழிகளை மூன்றாகச் சொல்லலாம். முதலாவது, வந்து போகும் சரக்குக்கு வாங்கிய சுங்கம். இரண்டாவது, சுல்தானே நடத்திய வாணிபம். மூன்றாவது, சில சரக்குகளைத் தம் ஆட்களைத் தவிர வேறு யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது என்ற தனியுரிமை. அபின், ஈயம், பிரம்பு ஆகியவை அந்தத் தனியுரிமைப் பட்டியலில் இருந்தன.

இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள அரண்மனையில் ‘சவுதாகர் ராஜா’ என்ற பதவி இருந்தது. அரசரின் வணிகர் என்று பொருள். வெளிநாட்டுக் கப்பல் வந்தால் விலை பேசுவது, அரசருக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்வது, அரசரின் சரக்கை விற்றுக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. 18ஆம் நூற்றாண்டுக் கெடாவில் இந்தப் பதவியில் சூலியா முஸ்லிம்கள் இருந்தார்கள். ‘சூலியா’ என்று அன்று அழைக்கப்பட்டவர்கள் நாம்தான்.

தீர்வையில்லாத துறைமுகத்தில் பிழைத்தவர்கள் என்றே நம்மைப் பற்றிச் சொல்லிப் பழகிவிட்டோம். தீர்வை வாங்கும் துறைமுகத்தின் கணக்குப்பிள்ளையாகவும் நம்மவர் உட்கார்ந்திருந்தார்கள். கெடாவின் வரவைப் பெருக்கியதில் நம் கை இருந்தது. பிறகு அந்த வரவு குறைந்ததிலும் நம் கால்கள் இருந்தன. எப்படி என்று பார்ப்போம்.

முப்பதாயிரம் கேட்டு ஆறாயிரம்

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். அதற்கு முன்பே கெடா சுல்தான் அப்துல்லா தம் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்திருந்தார். சயாமும் பர்மாவும் மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே கம்பெனியின் படை உதவி வேண்டும் என்பது அவருடைய முதல் கோரிக்கை. அடுத்தது பணம். பக்கத்திலேயே ஒரு புதிய துறைமுகம் எழுந்தால் தம் துறைக்கு வரும் கப்பல் குறையும்; அபின், ஈயம், பிரம்பு வருமானம் போய்விடும். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி தர வேண்டும் என்றார்.

பினாங்குக்குக் கெடா கேட்ட பணத்தை நாம் நிலத்துக்கு வாடகை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுல்தான் கணக்குப் போட்டதோ மண்ணுக்கு அல்ல, தம் கையை விட்டுப் போகவிருந்த வணிக வருமானத்துக்கு. சுங்கம் வாங்காத துறைமுகம் பக்கத்தில் வந்தால், வாங்குகிற துறைமுகம் காய்ந்துவிடும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

படை உதவிக்குக் கம்பெனி உறுதி தரவில்லை. பணமும் பேசியபடி வரவில்லை. 1791ல் சுல்தான் தீவை மீட்கப் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அதைக் கலைத்தார். அதன்பின் எழுதப்பட்ட உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று முடிவானது. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. 1800ல் அக்கரை நிலமான செபராங் பிறையும் கம்பெனிக்குப் போனது. தொகை 10,000 வெள்ளி ஆயிற்று. அப்போதும் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இன்னொரு நிபந்தனையும் அதில் சேர்ந்திருந்தது. பினாங்குக்கும் கம்பெனிக் கப்பல்களுக்கும் வேண்டிய உணவுப் பொருளைத் தடையின்றி, தீர்வையின்றிக் கெடாவில் வாங்கிக்கொள்ளலாம். அதாவது கெடாவுக்கு இரண்டு பக்கமும் இழப்பு. கடலில் வரும் சரக்கு தீவுக்குப் போய்விட்டது. தன் வயலில் விளைந்து தீவுக்குப் போன உணவுக்கும் தீர்வை வாங்க முடியவில்லை.

கெடாவில் இருந்த நம்மவர் பலரும் கடற்காலைத் தாண்டித் தீவுக்கு வந்தார்கள். 1794ல் லைட் எழுதிய குறிப்பில் பினாங்கில் சுமார் 1,000 சூலியாக்கள் இருப்பதாகவும், அவர்கள் கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் என்றும் சொல்கிறார். அவர்களைத் தவிர ஆண்டுதோறும் சோழமண்டலக் கரைக் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வாணிபமும் கூலி வேலையும் செய்து, கொஞ்சம் வெள்ளி சேர்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது நமக்கு விளங்காததல்ல. ஒரே ஒரு மூட்டைத் துணியோடு வரும் ஏழை வணிகன், சுல்தானின் துறையில் முதலில் காணிக்கை கொடுக்க வேண்டும். தீர்வை கட்ட வேண்டும். அரசரின் ஆள் பார்த்து எடுத்தது போக மீதியைத்தான் விற்க முடியும். தீவிலோ இறங்கிய அன்றே கடை விரிக்கலாம். பெரிய மரக்காயர் எங்கும் பிழைப்பார். சின்ன ஆளுக்குத் தீர்வையில்லாத துறைமுகம் ஒரு வாழ்வு. நம்மில் பலருடைய பாட்டன்மார் அந்தச் சின்ன ஆட்கள்தான்.

சுங்கத்துக்குப் பதிலாக என்ன?

இனி தீவின் கணக்குக்கு வருவோம். கம்பெனி சுங்கம் வாங்கவில்லை. ஆனால் செலவு இருந்தது. தொடக்க ஆண்டுகளிலேயே அது குத்தகை முறையைக் கொண்டு வந்தது. ஒரு சரக்கை விற்கும் தனியுரிமையை அரசு ஏலம் விடும். அதிகத் தொகைக்குக் கேட்டவருக்கு உரிமை கிடைக்கும். அவர் மாதாமாதம் அரசுக்குப் பணம் கட்டுவார். மக்களிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. அரசுக்குச் சுங்கச் சாவடியும் வேண்டாம், எழுத்தரும் வேண்டாம்.

எந்தச் சரக்குகளுக்குக் குத்தகை? அபின், சாராயம், கள், சூதாட்டம், பன்றி இறைச்சி, அடகுக்கடை. இந்தப் பட்டியலை ஒரு முஸ்லிம் வாசிக்கும்போது நெஞ்சு சற்றுத் திடுக்கிடத்தான் செய்யும். நமக்கு மார்க்கம் விலக்கி வைத்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்தியது போல இருக்கிறது. வெற்றிலைக்கும் குத்தகை இருந்தது. ஆனால் பெரும்பணம் அபினில்தான் வந்தது. ஈயச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் முதுகொடிய உழைத்த சீனக் கூலி, உடல்வலியை மறக்க இழுத்த புகைதான் அரசாங்கத்தின் முதல் வருமானமாக இருந்தது.

தீர்வையில்லாத துறைமுகத்தில் சோதனையும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குத்தகைதாரர் தம் சொந்தக் காவலாட்களை வைத்துக்கொண்டு கள்ள அபின் தேடிப் படகுகளையும் வீடுகளையும் சோதித்தார்கள்.

இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கெடாவில் துணிக்கு வாங்கிய சுங்கம் துணி விலையில் ஏறும். துணி வாங்குகிற எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் சுமப்பார்கள். கப்பல் வந்தால் வரவு, வராவிட்டால் இல்லை. ஆகவே அரசர் கப்பல்காரரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தீவில் துணிக்காரர் ஒன்றும் சுமக்கவில்லை. சுமந்தவன் அபின் கூலி. அவன் பழக்கத்தை விட முடியாதவன். ஆகையால் அந்த வரவு தவறுவதில்லை. கெடாவின் வரி வணிகன் மேல் விழுந்தது. தீவின் வரி பலவீனன் மேல் விழுந்தது.

சிங்கப்பூரிலும் அதே கதை

பினாங்கு 1805ல் கம்பெனியின் தனி மாகாணமாக உயர்ந்தது; அதிகாரிகள் பெருகினார்கள், செலவும் பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கும் சில தீர்வைகள் நுழைந்தன. அதே 1805ல் இளம் அதிகாரியாகப் பினாங்குக்கு வந்தவர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். 1819ல் சிங்கப்பூரைத் தொடங்கியபோது அதைத் தீர்வையற்ற துறைமுகமாக அவர் வைத்தார். கப்பல்கள் அங்கே திரும்பின. பினாங்கிலிருந்து நம்மவர் சிலரும் அங்கே போனார்கள். 1826ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆட்சியின் கீழ் வந்த காலத்தையொட்டிப் பினாங்கும் தன் தீர்வைகளைக் கைவிட்டது.

கெடா சுல்தானுக்கு நேர்ந்தது சிங்கப்பூர் ஆட்சியாளருக்கும் நேர்ந்தது. 1819 உடன்படிக்கையில், உள்நாட்டுக் கப்பல்களிடம் வசூலாகும் தீர்வையில் பாதி தெமங்கோங்குக்கு என்று எழுதியிருந்தது. ஆனால் தீர்வையே இல்லாத துறைமுகத்தில் எதில் பாதி? 1823ல் அதற்கெல்லாம் பதிலாக சுல்தான் ஹுசேனுக்கு மாதம் 1,500 வெள்ளியும் தெமங்கோங்குக்கு 800 வெள்ளியும் என்று நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு தீவே கைமாறியது.

குத்தகை விஷயத்தில் ராஃபிள்ஸுக்கே மனம் ஒப்பவில்லை. ஃபார்குவார் 1820ல் அபின், சாராயம், சூதாட்டக் குத்தகைகளைத் தொடங்கியபோது அவர் ஆட்சேபித்தார். 1823ல் சூதாட்டத்தைத் தடையும் செய்தார். அடுத்து வந்த கிராஃபர்டு அதை மறுபடி திறந்தார். 1829ல்தான் சூதாட்டக் குத்தகை நின்றது. அபின் நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் சிங்கப்பூர் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்தே வந்தது. 1910ல் குத்தகைதாரரை விலக்கிவிட்டு அரசே அபின் தயாரித்து விற்கத் தொடங்கியது. அதற்காக அந்த ஆண்டு ஏற்படுத்திய தனியுரிமை இலாகாதான் இன்றைய சிங்கப்பூர் சுங்கத்துறையின் மூலம். தீர்வையில்லாத துறைமுகத்தில் சுங்கத்துறை அபினுக்காகப் பிறந்தது!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அபின் விற்பனை முற்றாக நின்றது. வருமான வரி 1948ல் நடைமுறைக்கு வந்தது. அபின் போன இடத்தில் சம்பளக்காரரும் கடைக்காரரும் வரி கட்ட வேண்டியதாயிற்று. “வெள்ளைக்காரன் காலத்தில் வரியே கிடையாது” என்று சொல்லும் பெரியவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் பள்ளிவாசல்களும் அந்தக் கணக்கும்

தீர்வையில்லாத துறைமுகத்தில் சேர்ந்த செல்வத்தால்தான் நம் அடையாளங்கள் எழுந்தன. கம்பெனி 1801ல் வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில் காதர் முகைதீன் மரைக்காயர் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தொடங்கியது. அதே தலைமுறையில் நாகூர் தர்கா இங்கும், சில ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரிலும் எழுந்தது. 1826ல் சிங்கப்பூர் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தொடங்கப்பட்டது. இவை துணியும் மிளகும் விற்ற கையிலிருந்து வந்த நன்கொடைகள். அவற்றின் மேல் யாரும் கறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த வணிகர் நடந்த சாலையையும் அவர்கள் கடையைக் காத்த காவலரையும் வேறொருவன் பணம் தாங்கியது. பள்ளிவாசலுக்குச் சில தெருக்கள் தள்ளி அபின் கடையில் சுருண்டு கிடந்தவனும், அக்கரையில் வரவிழந்த கெடாவும் சேர்ந்துதான் நம் முன்னோருக்குத் தீர்வையில்லாத வாழ்வைக் கொடுத்தார்கள். இதைச் சொல்வது முன்னோரைக் குறை கூற அல்ல. வரி வகுத்தவர்கள் அவர்கள் அல்லர். வந்த இடத்தில் நேர்மையாகப் பிழைத்தார்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் பெருமையை மட்டும் சொல்லி, கடனைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கணக்கு. பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் வாசிக்கிற வணிகன் உண்டா?

கரைகள் இடம் மாறின

1969ல் பினாங்கின் தீர்வையற்ற நிலை நீக்கப்பட்டது. அதற்கு முன், படகில் பட்டர்வொர்த் போய் இறங்கினால் சுங்க அதிகாரிகள் மூட்டையை அவிழ்த்துப் பார்த்ததையும், புதுத் துணியை உடுத்திக்கொண்டே அக்கரை போனவர்களையும் பற்றி மூத்த உறுப்பினர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உரிமை போனபின் சிரிப்பு குறைந்தது. கடைகளில் வியாபாரம் இறங்கியது; இளைஞர்களுக்கு வேலை இல்லை. 1972ல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தபின்தான் தீவு மூச்சு விட்டது. நம் பிள்ளைகளும் கடைப் பலகையை விட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். அந்தத் தடுமாற்றக் காலத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கவே நம் சங்கம் கூடியது.

அதன்பின் காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள். 1987ல் கெடாவைச் சேர்ந்த லங்காவி தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் பக்கத்துத் தீவு தீர்வையை விட்டதால் வரவிழந்த நாட்டுக்கு, இன்று தீர்வையில்லாத தீவு ஒன்று சொந்தம். பினாங்கிலிருந்து நாம் குடும்பத்தோடு அங்கே போய்ச் சாக்லேட்டும் பாத்திரமும் வாங்கி வருகிறோம்.

அந்தப் பழைய 10,000? ஸ்பானிய வெள்ளி போய் ரிங்கிட் வந்தும் எண் மட்டும் மாறாமல், கூட்டரசு ஆண்டுதோறும் கெடாவுக்கு 10,000 வெள்ளி கொடுத்து வந்தது. 2018ல்தான் அது ஆண்டுக்கு 1 கோடி வெள்ளியாக உயர்ந்தது. 1786க்கு முன் ஒரு சுல்தான் போட்ட கணக்கு இன்னும் முடியவில்லை.

கடைசியாக நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டனார் கடையின் பழைய பேரேடு, சரக்குச் சீட்டு, கப்பல் பயணச் சீட்டு, தீர்வை கட்டிய ரசீது எது வீட்டில் இருந்தாலும் பழைய தாள் என்று எறிந்துவிடாமல் சங்கத்துக்குக் காட்டுங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். அரசாங்கங்களின் கணக்கை அரசாங்கங்கள் எழுதி வைத்துவிட்டன. நம் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். வரவு, செலவு இரண்டு பக்கமும் நிரம்ப எழுத வேண்டும். அதற்கு வல்ல இறைவன் துணை நிற்பானாக, ஆமீன்.